சட்டத்துக்குள் புல்

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர்.
செக்கானூரணி வெல்டிங் பட்டறையில்
கம்பி வளைத்து வாங்கிய சட்டம்.
பார்க்காமல் எறிய வேண்டும்.
விழுந்த இடத்தில் மண்டியிட்டு
எண்ண வேண்டும்.

நாகமலைச் சரிவில், வேலிக்கு வெளியே
முதல் வீச்சு:
கொழுக்கட்டைப்புல் மூன்று தூர்,
மூன்றும் என் நகத்தின் உயரம்.
கொழிஞ்சி பதினொன்று,
ஆடு மோந்துவிட்டுப் போன செடி.
நெருஞ்சி. நெருஞ்சி. மறுபடி நெருஞ்சி.
'வெறும் மண்' என்ற கட்டத்தில்
அறுபது சதவீதம் என்று எழுதினேன்.
குளம்புக் குழிகளில்
முந்தாநாள் தூறல் காய்ந்து
ஓடு ஓடாகப் பெயர்ந்திருந்தது.

வேலி போட்டு மூன்று வருடம்.
அரை ஏக்கர், முள்கம்பி ஐந்து வரிசை,
'புல்வெளி மீட்பு' என்றொரு பலகை.
அந்தப் பலகைக் காலில்தான்
ஒச்சம்மாளின் கிடா
தினமும் முதுகு சொறியும்.

முதல் வருட ஐப்பசியில்
உள்ளே கதிர் விட்டதே, அது கதிர்!
ஊசிப்புல் என் சுடிதார் முழுக்கத் தைத்துக்கொண்டு
பஸ் ஏறி ஊருக்கு வந்தது.
பக்கத்து சீட்டுக்காரி சேலையிலும்
கொஞ்சம் கருமாத்தூரில் இறங்கியது.
ஒரு காடை முட்டையிட்டது.
அறிக்கையில் நான்கு ஆச்சரியக்குறி போட்டேன்,
பிறகு நான்கையும் அழித்தேன்.

இந்த ஆடியில்
உள்ளே எறிந்த சட்டம்
மண்ணைத் தொடவேயில்லை.
தாள்மேல் தாள், சாம்பல் நிறத்தில்,
முழங்கால் வரை.
யாரும் கடிக்காத புல்
தன் நிழலிலேயே மூச்சுமுட்டிக் கிடந்தது.
விலக்கிப் பார்த்தால் அடியில்
வெளுத்த குருத்து இரண்டு.
மூலையில் சீமைக்கருவேலங்கன்று
இடுப்புயரம் நின்றது,
வேலிக்கு முந்தைய ஏதோவொரு புழுக்கையின் வாரிசு.

"என்னத்த எண்ணுற?"
கம்பிக்கு அந்தப் பக்கம் ஒச்சம்மாள்.
என் வயதுதான். தோளில் துரட்டி,
இடுப்பில் சொருகிய போனில்
யாரோ விடாமல் கூப்பிடுகிறார்கள்.
"புல்லு."
"உள்ள கெடக்குறது செத்ததுல்ல?
வெளிய கெடக்குறது சாகப்போறது.
ரெண்டையும் எண்ணி?"

பதில் இல்லை என்னிடம்.
அவளிடமும் முழுசாக இல்லை.
செம்மறியும் வெள்ளாடுமாய் நாற்பத்திரண்டு
தினமும் இதே சரிவில்தான்.
கிழக்கே போகலாம் என்றால்
மஞ்சள் அடித்த பிளாட்டுக் கல்.
மேற்கே குவாரி.
கண்மாயை யாரோ குத்தகை எடுத்து
முள் வைத்துவிட்டான்.
போக இடமில்லாத ஆடு
நேற்றுக் கடித்த நுனியையே
இன்றும் கடிக்கிறது.

மூன்றாவது வீச்சு
படிவத்தில் இல்லாத இடத்தில்.
தையில் புளியகுளம் மாடுகள்
பதினோரு இரவு கிடைபோட்டு
வைகை பக்கம் போய்விட்ட மேடு.
அப்போது மொட்டை.
நடுவில் கோடை மழை இரண்டு.
எண்ணினேன்: எழுபத்தாறு தூர்.
நம்பாமல் இன்னொருமுறை.
எழுபத்தெட்டு.

படிவத்தில் 'மேய்ச்சல்: உண்டு / இல்லை' என்று
இரண்டே கட்டம்.
ஓரத்தில் பேனாவால் மூன்றாவது கோடு இழுத்து
'போய் எத்தனை நாள்' என்று எழுதினேன்.
மேலாளர் அதைத் தட்டச்சில் விட்டுவிடுவார்.

அன்று சாயங்காலம்
வேலிப் பூட்டைத் திறந்தேன்.
அனுமதி வாங்கவில்லை.
"அரை மணி நேரம்தான்" என்றேன்.
ஒச்சம்மாள் போனில் அலாரம் வைத்தாள்.
வாசலில் கிடா தயங்கியது,
மூன்று வருடம் கம்பி படித்துக்கொடுத்த தயக்கம்.
அப்புறம் ஒரு குட்டி துள்ளியது,
நாற்பத்திரண்டும் உள்ளே.
காய்ந்த தாள் நொறுங்கும் சத்தம்
அப்பளம் போல.

அலாரம் அடித்து ஓய்ந்தது.
ஒன்றும் வெளியே வரவில்லை.
அவள் ஒருபக்கம் 'ட்ரூ ட்ரூ' என,
நான் ஒருபக்கம் துப்பட்டாவை வீச,
விரட்டி முடிக்க இருட்டிவிட்டது.

செக்கானூரணி வந்தபிறகுதான் தெரிந்தது,
சட்டம் உள்ளேயே கிடக்கிறது.
எத்தனை குளம்பு மிதித்ததோ.
கிடக்கட்டும்.
மழை வந்தபின் போய் எடுக்கிறேன்,
எடுக்க விடுமளவு
புல் முளைக்காமல் இருந்தால்.